பிரஸ் இல்லாம பேரிங்: அச்சு, ஆசாரி, வறட்டி நெருப்பு



போன பதிவுல தக்காளி விலையைப் பத்திப் புலம்பினேன். இந்தத் தடவை புலம்பல் கிடையாது, கொஞ்சம் சரித்திரம். ராஜா, கோட்டை, போர் அந்த மாதிரிச் சரித்திரம் இல்லை. வண்டி அச்சோட சரித்திரம். ஒரு டிராக்டர் ரிப்பேர்ல ஆரம்பிச்சு, ரொம்பப் பின்னாடி போயிட்டு, திரும்ப எங்க வீட்டு வாசலுக்கே வந்துடும். பொறுமையாப் படிங்க.

போன மார்கழியில என் டிராக்டரோட பின் அச்சு பேரிங் போயிடுச்சு. முப்பத்தஞ்சு குதிரைத்திறன் பழைய வண்டி. ஒரு வாரமா வலது சக்கரத்துல ஒரு முனகல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வேகத்தைக் கூட்டினா முனகலும் கூடும். பிரேக் டிரம் பக்கத்துல இருந்து எண்ணெய் கசிஞ்சு டயரோட உள்பக்கம் ஈரமா இருந்துச்சு. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினேன். பல்லு மாதிரி ஆடுது. தப்பு என்னோடதுதான். ஆயில் சீல் தேஞ்சது தெரிஞ்சும் சேத்துல உழவு ஓட்டினேன். தண்ணியும் சேறும் உள்ளே போய்ப் பேரிங்கைத் தின்னுடுச்சு.

தோட்டத்துல தக்காளி பழுத்து நிக்குது. ராயக்கோட்டை மண்டிக்கு ஏத்தணும். டவுன்ல ஒரு பட்டறைக்குப் போன் பண்ணினேன். "அச்சைக் கழட்டிக் கொண்டு வாங்க, பிரஸ்ல போட்டாத்தான் வரும். முன்னாடி ஏழு வண்டி நிக்குது, அஞ்சு நாள் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அஞ்சு நாள் தக்காளி காத்திருக்குமா?

பிரஸ்னா என்னன்னு டவுன்ல இருக்கிற நண்பர்களுக்குச் சொல்லிடறேன். பேரிங்குக்கு உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவுல உருண்டையோ உருளையோ இருக்கும். உள் வளையத்தோட துளை, அச்சுத் தண்டோட பருமனைவிட ஒரு துளி சின்னதா இருக்கும். வேணும்னுதான் அப்படிச் செய்யறாங்க. அப்பத்தான் தண்டு சுத்தும்போது உள் வளையமும் வழுக்காம கூடவே சுத்தும். அது நகராம இருக்க, பக்கத்துல காலர்னு ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுவும் அதே மாதிரி இறுக்கமா உட்கார்ந்திருக்கும். சின்னத் துளைக்குள்ள பெரிய தண்டு போகணும்னா டன் கணக்குல அழுத்தணும். அந்த அழுத்தத்தைக் கொடுக்கிற மெஷின்தான் ஹைட்ராலிக் பிரஸ். அது எங்க மாதிரிச் சின்ன ஊர்ல கிடையாது.

அன்னைக்குச் சாயந்திரம் எங்க ஊர் ஆசாரி மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு 84 வயசு. கொல்லுப் பட்டறையை மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் தேடிப் போனது அவரை இல்லை, அவர் பையனை. எனக்கு அண்ணன் முறை. சிப்காட்ல ஒரு கம்பெனியில முப்பது வருஷம் பிரஸ் ஷாப்புல வேலை பார்த்து ஓய்வு வாங்கினவர். வேற ஏதாவது வழி சொல்லுவார்னு நினைச்சேன். அவரும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பிரஸ் இல்லாம கஷ்டம் தம்பி"ன்னுட்டார்.

திண்ணை மூலையில துண்டைப் போர்த்திப் படுத்திருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஏம்ப்பா, சூடு பண்ணிப் பார்த்தீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற சரித்திரத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உபரி அச்சு

நடு வழியில அச்சு முறியறது நேத்து வந்த பிரச்சனை இல்லை. பத்தாம் வகுப்புல எங்க தமிழ் ஐயா ஒரு விஷயம் சொன்னார், இன்னும் மறக்கலை. புறநானூத்துல 102-வது பாட்டு, ஔவையார் பாடினது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ்ற பாட்டு. உப்பு விக்கிற உமணர்கள் வண்டியில பாரம் ஏத்திக்கிட்டு மேடும் பள்ளமுமாப் போவாங்க. வழியில என்ன ஆகுமோன்னு, அச்சுக்குக் கீழேயே இன்னொரு அச்சையும் கட்டி எடுத்துட்டுப் போவாங்களாம். சேம அச்சுன்னு அதுக்குப் பேரு. இக்கட்டுல கை கொடுக்கிற அந்த அச்சு மாதிரி ஆளு நீன்னு சொல்றார் ஔவையார்.

அதியமானோட தகடூர்தான் இன்னைக்குத் தருமபுரி. எங்க கிருஷ்ணகிரி 2004-ல தனி மாவட்டம் ஆகற வரைக்கும் தருமபுரி மாவட்டத்துலதான் இருந்துச்சு. ஆகக் கார் டிக்கியில நீங்க வச்சிருக்கிற ஸ்டெப்னிக்குத் தாத்தா எங்க பக்கத்துப் பாட்டுல இருக்கார்னு நான் பெருமையாச் சொல்லிக்குவேன்.

எங்க பூமி பாறையும் மேடும். ஓசூர் மேல இருக்கு, கிருஷ்ணகிரி கீழ இருக்கு. ஓசூர்ல இருந்து இறங்கறதும் ஏறறதும் மாட்டுக்கும் அச்சுக்கும் சோதனைதான். மலையோரத்து ஆலம்பாடி மாடும், கர்நாடகப் பக்கத்து ஹல்லிக்கர் மாடும் இந்த வழிகள்ல இழுத்துப் பழகின மாடுகள். மாட்டைப் பத்தி நிறையப் பேரு எழுதறாங்க. அந்த மாடு இழுத்த சக்கரத்தைச் செஞ்சவங்களைப் பத்தி எழுதறவங்க கம்மி.

பட்டா கட்டற நாள்

எனக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும். எங்க அப்பா வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டின நாள் நல்லா ஞாபகம் இருக்கு.

மரச் சக்கரத்துல நடுவுல குடம், அதுல இருந்து ஆரக்கால், ஆரக்கால் முனையில வளைஞ்ச மரத்துண்டுகள், அதுதான் வட்டை. கருவேல மரத்துல தச்சாசாரி செஞ்சு கொடுப்பார். ஆணியோ பசையோ இதையெல்லாம் ஒண்ணாப் பிடிச்சு வைக்காது. மேல ஒரு இரும்புப் பட்டா, அதுதான் மொத்தத்தையும் கட்டிப் பிடிச்சிருக்கும். அந்தப் பட்டாவைப் போடறது கொல்லாசாரி வேலை.

ஆசாரி மாமா கயித்தால சக்கரத்தைச் சுத்தி அளப்பார். அப்புறம் பட்டாவை அந்த அளவைவிட ஒரு விரக்கடை குறைச்சு வளைச்சு ஒட்டுவார். "குறைச்சலா இருக்கே மாமா, எப்படிப் போகும்?"னு கேட்டேன். "போகும், நீ நகரு"ன்னார்.

காலையிலேயே பட்டாவைக் கல்லுமேல தரையில கிடத்தி, மேலயும் கீழயும் வறட்டியை அடுக்கி வட்டமா நெருப்பு வச்சுடுவாங்க. இரும்பு முழுக்க ஒரே சீராச் சூடாகணும், ஒரு பக்கம் மட்டும் சிவந்தாக் கோணிக்கும். அதுக்கு வறட்டி நெருப்புதான் சரி, நிதானமா எரியும். சக்கரத்தைப் பக்கத்துல படுக்க வச்சிருப்பாங்க. தூக்கறதுக்கு முன்னாடி ஆசாரி மாமா எல்லாரையும் நிக்க வச்சு ஒண்ணொண்ணாக் கேட்பார். குறடு யார் யார் கையில? சம்மட்டி எங்க? தண்ணிக் குடம் எத்தனை நிறைஞ்சிருக்கு? நடக்கிற வழியில கல்லு கிடக்கா? எல்லாத்துக்கும் பதில் வந்தாத்தான் "தூக்கு"ம்பார். ஏன்னா சூடான இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது.

நாலு பேரு குறட்டால தூக்கி வந்து சக்கரத்து மேல வச்சாங்க. குறைச்சலா இருந்த பட்டா இப்ப லேசா உள்ளே இறங்குச்சு. மரம் கருகிப் புகை கிளம்புச்சு. ரெண்டு பேரு சம்மட்டியால சுத்திச் சுத்தித் தட்டினாங்க. உடனே குடம் குடமாத் தண்ணி. 'சுர்ர்'னு ஆவி. அந்த ஆவிக்கு நடுவுல 'டப், டப்'னு ஒரு சத்தம், ஆரக்கால் ஒவ்வொண்ணும் குடத்துக்குள்ள இறுகற சத்தம். ஆசாரி மாமா கையைக் கட்டிக்கிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தார். எல்லா ஆரக்காலும் பேசினாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமாம்.

இப்ப கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் இரும்பு, 100 டிகிரி சூடு ஏறினா ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். அஞ்சு அடி விட்டமுள்ள சக்கரத்தோட சுத்தளவு ஏறக்குறைய 4.8 மீட்டர். 500 டிகிரி ஏத்தினா 28 மில்லிமீட்டருக்கு மேல நீளும், ஒரு அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிகம். ஆசாரி மாமா குறைச்ச விரக்கடை அந்த நீட்டத்துக்குள்ள அடங்கிடுது. அவர் அஞ்சாவதுக்கு மேல படிக்கலை.

பேரிங் வந்த வழி

பழைய வண்டியில பேரிங் கிடையாது. இரும்பு அச்சு மேல குடத்துக்குள்ள இருக்கிற இரும்புக் குழல் உரசிக்கிட்டே சுத்தும். சக்கரம் வெளியே ஓடாம இருக்கக் கடையாணி. உரசலுக்கு வண்டி மை. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில குழைச்சுக் குழாய்ல ஊத்தி வண்டிக்குக் கீழே தொங்க விட்டிருப்பாங்க. மை போடாத வண்டி அரை மைல் தூரத்துலயே கத்திக்கிட்டு வரும்.

உரசறதுக்குப் பதிலா உருளட்டும்னு வண்டிக்காகவும் யோசிச்சாங்க. 1794-ல வேல்ஸ் நாட்டுல கார்மார்தன் ஊர்ல பிலிப் வான்னு ஒரு இரும்பு ஆலைக்காரர், வண்டி அச்சுக்குள்ள உருண்டை வைக்கிறதுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா எல்லா உருண்டையும் ஒரே அளவுல இருந்தாத்தான் அது ஒழுங்கா ஓடும். அதைத் துல்லியமாத் தீட்டற மெஷினை 1883-ல ஜெர்மனியில ஷ்வைன்ஃபுர்ட் ஊர்ல ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் செஞ்சார். அதுக்கப்புறம்தான் உருண்டை பேரிங் ஆயிரக்கணக்குல வந்துச்சு.

எனக்குப் பிடிச்சவர் ஹென்றி டிம்கன். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல குதிரை வண்டி செஞ்சவர். வண்டி வளைவுல திரும்பும்போது பாரம் மேல இருந்து மட்டும் அழுத்தாது, பக்கவாட்டுலயும் தள்ளும். அந்தத் தள்ளலையும் தாங்கணும்னு உருளையைக் கூம்பு மாதிரிச் சரிவா வச்சு 1898-ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு லாரிச் சக்கரம், டிரெய்லர் ஹப் எல்லாத்துலயும் இருக்கிற டேப்பர் பேரிங் அதுதான். ஒரு வண்டி ஆசாரி கண்டுபிடிச்சதுன்னு சொன்னாத் தப்பில்லை.

1907-ல ஸ்வீடன்ல ஸ்வென் விங்க்விஸ்ட் ஆரம்பிச்ச எஸ்.கே.எஃப் கம்பெனியும் பெரிய பேரு வாங்குச்சு. அவங்க ஆலை ஒண்ணு ஓசூர்ல இருந்து பெங்களூர் போற ரோட்டுல பொம்மசந்திராவுல இருக்கு. எங்க பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீக்கடையில பேசுவோம். சக்கரத்துக்கு மூணு பேரு உண்டு. பேரிங்குக்கு மட்டும் மூணு மொழியிலயும் ஒரே பேரு, பேரிங்.

டயர் வண்டியும் சிப்காட்டும்

எங்க ஊருக்குப் பேரிங் டிராக்டர்ல வரலை, டயர் வண்டியில வந்துச்சு. பழைய இரும்புக் கடையில லாரியோ ஜீப்போ உடைச்ச அச்சு கிடைக்கும். அதுல டயரை மாட்டி, மேல பலகை அடிச்சு, மாட்டைப் பூட்டினா டயர் வண்டி. வடநாட்டுல அந்த வண்டிக்கே டன்லப்னு கம்பெனிப் பேரு நிலைச்சுப் போச்சு. மாடு லேசா இழுக்கும், பாரம் கூட ஏத்தலாம், வண்டி கத்தாது.

மாட்டோட கஷ்டத்தைக் குறைக்கணும்னு பெரிய படிப்புப் படிச்சவங்களும் யோசிச்சாங்க. பெங்களூர் ஐ.ஐ.எம்-மோட முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி அதுல முக்கியமானவர். நிர்வாகம் சொல்லிக் கொடுக்கிற இடத்துல இருந்துக்கிட்டு, மாட்டு வண்டியோட நுகத்தடியும் சக்கரமும் மாறணும்னு பல வருஷம் பேசினார், எழுதினார். மாடு படற பாட்டைப் பார்த்தா அவர் சொன்னது நியாயம்தான்.

ஆனா அந்த நியாயத்துக்கு ஒரு விலை இருந்துச்சு. டயர் வண்டிக்குப் பட்டா கட்ட வேண்டாம். வட்டை மாத்த வேண்டாம். ஆசாரி மாமா பட்டறை முன்னாடி வறட்டி நெருப்பு வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுது. கடைசியில கொழு, மண்வெட்டி, அரிவாள் காய்ச்சி அடிக்கிறது மட்டும்தான் மிச்சம். அதுவும் கடையில ரெடிமேடா வந்ததும் துருத்தியை மடிச்சு வச்சுட்டார்.

அதே காலத்துலதான் சிப்காட் வளந்துச்சு. 1970-கள்ல ஓசூர்ல தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தாங்க. பெங்களூர் பக்கத்துல இருக்கு, ஆனா தமிழ்நாடு. அதுதான் ஓசூரோட யோகம். 1980-ல அசோக் லேலண்ட் இங்க லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் டி.வி.எஸ் 50 மொபெட் வந்துச்சு. பின்னாடி டைட்டன் கடிகாரம். ஒரு தலைமுறைக்குள்ள கேழ்வரகுக் காட்டுல இருந்து கடிகாரம் வரைக்கும் போயிட்டோம்.

கம்பெனிக்கு இரும்பு தெரிஞ்ச கை வேணும். இரும்பு தெரிஞ்ச கை யார்கிட்ட இருக்கும்? அண்ணன் ஐ.டி.ஐ படிச்சுட்டு உள்ளே போனார். நீல யூனிஃபார்ம், மாசச் சம்பளம், கேன்டீன்ல சாப்பாடு, பி.எஃப். அந்தச் சம்பளத்துலதான் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணினார், ஓட்டு வீட்டை மாடி வீடு ஆக்கினார். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட அப்பாகிட்ட இரும்பைப் பத்தி ஒரு சந்தேகம் கேட்டதில்லைன்னு அன்னைக்கு அவரே சொன்னார். "அவருக்கு அடுப்பு, எனக்கு மெஷின். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சுட்டேன் தம்பி."

எங்க வாசல்ல நடந்தது

பெரியவர் "சூடு பண்ணிப் பார்த்தீங்களா"ன்னு கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, எங்க கம்பெனியில பெரிய பேரிங்குக்கு ஹீட்டர்தான் வைப்பாங்க. 110 டிகிரிக்கு வச்சு எடுத்து மாட்டுவாங்க. நான் பிரஸ்ல நின்ன ஆளு, அதனால பிரஸ்தான் வாயில வந்துச்சு"ன்னார். மறுநாள் காலையில ரெண்டு பேரும் எங்க வாசலுக்கு வந்துட்டாங்க. பெரியவருக்கு ஒரு நாற்காலி போட்டேன்.

சக்கரம், டிரம் எல்லாம் கழட்டி, அச்சை வெளியே இழுத்துட்டோம். பழைய பேரிங்கையும் காலரையும் தண்டுல இருந்து எடுக்கணும். அதை இழுத்து எடுக்க பிரஸ் வேணும், உடைச்சு எடுக்க வேண்டாம். காலரைக் கிரைண்டரால சாய்வா முக்கால் ஆழத்துக்கு அறுத்தோம். தண்டுல வெட்டு விழுந்தா அச்சே வீண், அதனால கடைசி ரெண்டு மில்லியை விட்டுட்டு, உளியை வச்சு ஒரே அடி. 'டங்'குனு வெடிச்சு விட்டுடுச்சு. பேரிங் உள் வளையத்துக்கும் அதேதான். பேரிங் இரும்பு ரொம்பக் கடினம், தெறிக்கும். அதனால கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, மேல ஈரச் சாக்கைச் சுத்தித்தான் அடிச்சோம்.

புதுசு போடறதுதான் முக்கியம். என் பேரிங் துளை 50 மில்லி. 25 டிகிரியில இருந்து 105 டிகிரிக்குச் சூடு பண்ணினா, துளை 0.048 மில்லி விரியும். தலைமுடியைவிட மெல்லிசு. ஆனா இறுக்கமே அதுல பாதிதான் இருக்கும். அதனால போதும்.

பழைய பாத்திரத்துல புது இன்ஜின் ஆயிலை ஊத்தி, பேரிங்கைக் கம்பியில கட்டித் தொங்க விட்டோம். அடியில தொடக் கூடாது, தொட்ட இடம் மட்டும் அதிகமாச் சூடாகும். அடுப்பு வாசல்ல, வீட்டுக்குள்ள இல்லை. பக்கத்துல மணலும் மூடியும் தயார். எண்ணெய்க்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் வெடிச்சுத் தெறிக்கும், அதனால பசங்களை எல்லாம் விரட்டிட்டேன். சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வச்சோம்.

இங்கதான் அப்பாவுக்கும் பையனுக்கும் வாக்குவாதம். "இன்னும் சூடு ஏத்து, பட்டா மாதிரிச் செவக்கட்டும்"ங்கறார் பெரியவர். "வேண்டாம்ப்பா, 120-ஐத் தாண்டினா பேரிங்கோட கடினம் போயிடும், சீக்கிரம் தேஞ்சுடும்"ங்கறார் அண்ணன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஓ, இது பதம் வச்ச இரும்பா? அப்ப நீ சொல்றதுதான் சரி. உளியைப் பதம் வச்சப்புறம் மறுபடி காய்ச்சினா மயில் கழுத்து நிறம் வந்து மழுங்கிடும்ல, அதே கதை"ன்னார். அண்ணன் அவரையே பார்த்துக்கிட்டு நின்னார். அவர் ஐ.டி.ஐ-யில படிச்ச பாடம் அது.

105 வந்துச்சு. நான் கையுறை போட்டுப் பேரிங்கைத் தூக்கிட்டேன். தண்டுகிட்ட போகும்போது நாற்காலியில இருந்து குரல்: "முன்னாடி போக வேண்டியது எல்லாம் போயாச்சா?"

திரும்பிப் பார்த்தேன். ஆயில் சீல் இருக்கிற தட்டு சாக்கு மேலயே கிடக்கு. பேரிங்குக்கு முன்னாடி தண்டுல போக வேண்டியது அது. அது இல்லாம பேரிங்கை ஏத்தியிருந்தா, ஆறினதும் புதுப் பேரிங்கையே அறுத்து எடுத்திருக்கணும். காசும் போயிருக்கும், தக்காளியும் போயிருக்கும். பேரிங்கை மறுபடி எண்ணெயில விட்டுட்டு, சீலோட உதடு எண்ணெய் இருக்கிற பக்கம் பார்க்கிற மாதிரி தட்டை மாட்டினோம். பட்டா தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணாக் கேட்ட அதே மனுஷன். கண்ணு மங்கிடுச்சு, கேள்வி மங்கலை.

ரெண்டாவது தடவை எடுத்து வச்சேன். தானா வழுக்கிக்கிட்டுப் போய் 'தக்'குனு உட்கார்ந்துச்சு. சுத்தியே தேவைப்படலை. ஆறும்போது அகலத்துலயும் சுருங்கி ஒரு இடைவெளி விட்டுடும், அதனால பழைய குழாய் ஒண்ணை வச்சு உள் வளையத்தை மட்டும் ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சோம். வெளி வளையத்துல தட்டினா அந்த அடி உருண்டை வழியாப் போய் ஓடுபாதையில குழி விழும், புதுப் பேரிங்கும் முனகும். அது நல்லா ஆறினப்புறம் காலர். அது வெறும் வளையம்தான், இன்னும் கொஞ்சம் கூடவே சூடு தாங்கும். அதையும் அப்படியே இறக்கினோம்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டு, உள்ளேயே கிரீஸ் வச்சு வர்ற பேரிங்கை எண்ணெயில போடாதீங்க. கிரீஸ் கெட்டுடும். பின் அச்சுன்னா பிரேக்கும் அங்கதான் இருக்கு. அனுபவம் உள்ளவங்க பக்கத்துல இல்லாம யாரும் இதைச் செய்யாதீங்க.

மத்தியானம் மூணு மணிக்கு டிராக்டர் ஓடுச்சு. முனகல் இல்லை. மறுநாள் தக்காளி மண்டியில. விலையைப் பத்தித்தான் போன பதிவுல புலம்பிட்டேனே.

மிச்சம் இருக்கிற ஒரு சக்கரம்

ராத்திரி யோசிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். பேரிங் வந்துதான் ஆசாரி மாமாவோட நெருப்பை அணைச்சுது. அதே பேரிங்கைப் போட, கடைசியில அவரோட நெருப்புதான் வேண்டியிருந்துச்சு. அவருக்கு அளவுமானி தெரியாது, அண்ணனுக்கு அடுப்பு தெரியாது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல முப்பது வருஷம் இதைப் பேசிக்கவே இல்லை. நாமளும் நம்ம வீட்டுப் பெரியவங்க கைத்தொழிலை இப்படித்தான் 'அது அந்தக் காலம்'னு ஒதுக்கி வச்சிருக்கோம். அதுல என்ன விஞ்ஞானம் இருக்குன்னு நமக்கு ஒரு வேலை நின்னு போனாத்தான் தெரியுது.

எங்க அப்பாவோட மர வண்டிச் சக்கரம் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணைச் சில வருஷம் முன்னாடி பெங்களூர் பக்கத்து ரிசார்ட்காரங்க வந்து வாசல் அலங்காரத்துக்கு வாங்கிட்டுப் போனாங்க. பணத்துக்கு ஆசைப்பட்டுக் கொடுத்துட்டேன். இன்னொண்ணு மாட்டுக் கொட்டாய்ல சாய்ஞ்சு கிடக்கு. மரம் காஞ்சு சுருங்கிப் பட்டா கழண்டு தொங்குது. அதையும் கேட்டு ரெண்டு தடவை ஆள் வந்துச்சு.

இப்ப தர்றதா இல்லை. அண்ணன்தான் ஆரம்பிச்சார்: "அப்பா, தை பிறந்ததும் அந்தச் சக்கரத்துக்குப் பட்டா கட்டலாமா? நீங்க நாற்காலியில உட்கார்ந்து சொல்லுங்க, நாங்க செய்யறோம்." பெரியவர் உடனே பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "வறட்டி எத்தனை இருக்கு?"ன்னு கேட்டார்.

எங்க வீட்டம்மா இப்ப தினமும் வறட்டி தட்டிக் காய வைக்கிறாங்க. என் பையன் போன்ல வீடியோ எடுக்கிறதாச் சொல்லியிருக்கான். ஆரக்கால் எல்லாம் பேசுச்சான்னு அடுத்த பதிவுல சொல்றேன். அதுக்குள்ள உங்க ஊர்ல கொல்லுப் பட்டறை வச்சிருந்த பெரியவர் யாராவது இருந்தா, போய் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுட்டு வாங்க.